யோசேப்பை விற்றது யார்? தோராவின் முரண்களை யூத உரைகளோடு படிக்க ஒரு வழிகாட்டி

நம் இலக்கண நூல்கள் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது ‘கூறியது கூறல்’, ‘மாறுகொளக் கூறல்’ இரண்டையும் அடுத்தடுத்து வைக்கின்றன. தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, நிதானமாகப் படிக்கிற எவருக்கும் இவை இரண்டும் சீக்கிரமே தட்டுப்படும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதன் படைக்கப்பட்டு முடிகிறான். இரண்டாம் அதிகாரத்தில் மறுபடி மண்ணிலிருந்து உருவாகிறான். நோவா பேழைக்குள் சேர்க்க வேண்டியவை ஓரிடத்தில் இரண்டிரண்டு, இன்னோரிடத்தில் சுத்தமான மிருகங்களில் ஏழேழு. யோசேப்பை விற்றது யார் என்று கேட்டால், ஒரே அதிகாரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பதில் கிடைக்கிறது.

யூத உரையாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மாதிரி இடங்களில்தான் அதிக நேரம் நின்றிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து படிக்கப் புதிதாக வருகிறவர் எங்கே தொடங்கலாம், எந்த வரிசையில் போகலாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். எபிரேயம் தெரியாதவர்களையும் யூதர் அல்லாதவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். நான் வலியுறுத்தப் போவது ஒன்றுதான்: முரண் தீர்ந்துவிட்டதா என்று அவசரப்படாமல், ஒவ்வொரு விளக்கமும் எந்த வசனத்தை எளிதாக்குகிறது, அதற்குப் பதிலாக எந்த வசனத்தைச் சிக்கலாக்குகிறது என்று கணக்குப் பாருங்கள்.

மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு தமிழ் பைபிள், ஒரு நோட்டு, இணைய வசதி. இவ்வளவு போதும். ‘செஃபாரியா’ என்ற இலவச இணைய நூலகத்தில் ஆதியாகமத்தைத் திறந்து ஒரு வசனத்தைத் தொட்டால், அந்த வசனத்துக்கு எழுதப்பட்ட உரைகள் பக்கத்திலேயே வரிசையாக வந்து நிற்கும். முக்கியமான பல உரைகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் அங்கே உண்டு. அச்சில் இதே வசதியைத் தருவது ‘மிக்ராஒத் கெதோலோத்’ எனப்படும் பதிப்பு. பக்கத்தில் மூல வசனம், அதைச் சுற்றிச் சிறிய எழுத்தில் உரைகள். 1516-17இல் வெனிஸ் நகரில் டேனியல் பாம்பெர்க் என்ற கிறிஸ்தவ அச்சகர் முதல் பதிப்பை வெளியிட்டார். படமாகவாவது ஒரு பக்கத்தைப் பாருங்கள். ஒருவரை ஒருவர் மறுக்கிறவர்கள் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். யாரையும் ஜெயித்தவர் என்று சொல்லி மற்றவரை நீக்கவில்லை.

வசன எண்கள் சில இடங்களில் ஒன்று தள்ளிப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். தமிழ் பைபிளில் ஆதியாகமம் 31:55 ஆக இருப்பது எபிரேய பைபிளில் 32:1.

ஆரம்பத்துக்கு நான்கு பெயர்கள் போதும். ராஷி (1040–1105) வட பிரான்சின் துரோயே நகரத்தவர். அச்சான ஆண்டு குறிக்கப்பட்டு வெளிவந்த முதல் எபிரேய நூல் இவருடைய தோரா உரைதான் (1475). ரஷ்பாம் அவருடைய மகள் வயிற்றுப் பேரன். இப்னு எஸ்ரா 12ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர். ஸ்பெயினில் பிறந்து இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று அலைந்தவர். ரம்பான் (1194–1270) கத்தலோனியாவின் ஜிரோனா ஊர்க்காரர், மருத்துவரும்கூட.

அப்புறம் இரண்டு சொற்கள். வசனம் அது நிற்கும் இடத்தில் நேராகச் சொல்வது ‘பெஷாத்’. அதைத் தோண்டி, வேறு வசனங்களோடு சேர்த்து எடுக்கும் பொருள் ‘தெராஷ்’. மித்ராஷ் எனப்படும், பழைய யூத ஆசான்களின் (ரபிகளின்) விளக்க நூல்கள் பெரும்பாலும் தெராஷின் பக்கம். ராஷி இரண்டையும் கலந்து தருவார். ரஷ்பாமும் இப்னு எஸ்ராவும் பெஷாத்தில் பிடிவாதமானவர்கள். ஒரு வசனம் ஒருபோதும் தன் பெஷாத்தை இழப்பதில்லை என்பது, ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதிலேயே இருக்கும் விதி. ஆகவே, தெராஷ் எவ்வளவு தூரம் பறந்தாலும் ‘நேரான பொருள் என்ன?’ என்று கேட்கும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு.

முதல் படி: உரையைத் திறக்காமல் வசனத்தைப் படியுங்கள்

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். தாண்ட வேண்டாம். ஆதியாகமம் 37:18 முதல் 36 வரை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டு ஒரு தடவை, பேனாவோடு ஒரு தடவை. யார் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். சும்மா தெரிந்த கதைதானே என்று ஓட்டிவிடாதீர்கள். தெரிந்த கதையில்தான் கண் வேகமாக வழுக்கிப் போகும்.

எழுதி முடித்தால் ஏறக்குறைய இப்படி வரும். அண்ணன்மார் யோசேப்பைக் கொல்ல யோசிக்கிறார்கள். ரூபன் தடுத்து, குழியில் போடச் சொல்கிறான். பிறகு வந்து காப்பாற்றுவது அவன் எண்ணம். போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள். கீலேயாத்திலிருந்து ஒட்டகங்களோடு இஸ்மவேலர் கூட்டம் ஒன்று வருவது தெரிகிறது (வசனம் 25). கொல்வதில் என்ன லாபம், இஸ்மவேலருக்கு விற்றுவிடலாம் என்கிறான் யூதா. மற்றவர்கள் சரி என்கிறார்கள். அடுத்து வருகிறது 28ஆம் வசனம்: மீதியானிய வியாபாரிகள் கடந்து போகிறார்கள், இழுத்து, குழியிலிருந்து தூக்கி, இருபது வெள்ளிக்கு இஸ்மவேலரிடம் யோசேப்பை விற்கிறார்கள், அவனை எகிப்துக்குக் கொண்டுபோகிறார்கள். 29இல் ரூபன் குழிக்குத் திரும்பிவந்து, பையன் இல்லாததைப் பார்த்து உடையைக் கிழித்துக்கொள்கிறான். 36இல் மீதியானியர் அவனை எகிப்தில் போத்திபாருக்கு விற்றார்கள் என்று இருக்கிறது. ஆனால் 39:1 என்ன சொல்கிறது? போத்திபார் அவனை வாங்கியது இஸ்மவேலர் கையிலிருந்து.

இன்னும் மூன்று வசனங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 40:15இல் யோசேப்பு, எபிரேயர் தேசத்திலிருந்து நான் களவாடப்பட்டேன் என்கிறான். 45:4இல் அண்ணன்மாரிடம், ‘நீங்கள் எகிப்துக்கு விற்ற உங்கள் தம்பி நான்தான்’ என்கிறான். 44:20இல் யூதா, காணாமல்போன தம்பி இறந்துவிட்டான் என்று பேசுகிறான்.

இரண்டாம் படி: உறுத்தலைக் கேள்வியாக மாற்றுங்கள்

‘இந்த இடம் குழப்பமாக இருக்கிறது’ என்பது கேள்வி ஆகாது. எந்த வசனத்தின் எந்தச் சொல் எதோடு மோதுகிறது என்று எழுத வேண்டும். 37ஆம் அதிகாரத்தில் எனக்குத் தெரிவது மூன்று கேள்விகள். 28இல் ‘இழுத்து, தூக்கி, விற்றார்கள்’ என்பதன் எழுவாய் யார்: மீதியானியரா, அண்ணன்மாரா? எபிரேயத்தில் வினைமுற்று மட்டுமே இருக்கிறது, தமிழிலும் நாம் எழுவாயை விட்டுப் பேசுவதுபோல. பக்கத்தில் இருக்கும் பெயர் மீதியானியர். கதைப் போக்கோ அண்ணன்மாரைக் காட்டுகிறது. இரண்டாவது, எகிப்தில் விற்றது மீதியானியரா இஸ்மவேலரா? மூன்றாவது, ரூபனுக்கு ஏன் எதுவுமே தெரியவில்லை?

இப்படிக் கேள்வியை முதலில் பிடிக்கும் பழக்கத்தை இருபதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் நெகாமா லைபோவிட்ஸ் (1905–1997). ரீகாவில் பிறந்து எருசலேமில் வாழ்ந்த ஆசிரியை. 1942 முதல் சுமார் முப்பது வருடம் வாராவாரம் கேள்வித்தாள் தயாரித்துத் தபாலில் அனுப்பினார். பதில் எழுதி அனுப்பியவர்களுக்குத் தன் கையாலேயே திருத்தித் திருப்பி அனுப்பினார். ‘ராஷிக்கு இங்கே எது இடித்தது?’ என்பது அவர் வகுப்பில் ஓயாமல் ஒலித்த கேள்வி. ராஷி காரணம் இல்லாமல் வாய் திறப்பதில்லை. அவர் ஒரு வரி எழுதினால் வசனத்தில் ஏதோ ஒன்று அவரை நிறுத்தியிருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடித்த பிறகுதான் அவர் சொன்ன பதில் புரியும்.

மூன்றாம் படி: ஒரு நேரத்தில் ஓர் உரை

நான்கையும் சேர்த்துத் திறந்தால் தலை சுற்றும். ஒருவரை முடித்து, அவர் சொன்னதை இரண்டு வரியில் எழுதிவிட்டு அடுத்தவருக்குப் போங்கள்.

ராஷியின் பதில் சுருக்கமானது. மீதியானியர் வேறொரு வணிகக் கூட்டம்; அவன் பல தடவை விற்கப்பட்டான் என்று வசனம் காட்டுகிறது. குழியிலிருந்து இழுத்தவர்கள் யாக்கோபின் மகன்கள், அதாவது அண்ணன்மார். அவர்கள் இஸ்மவேலருக்கு விற்றார்கள், இஸ்மவேலர் மீதியானியருக்கு, மீதியானியர் எகிப்துக்கு. இது மித்ராஷிலிருந்து வரும் வழி. எத்தனை கை மாறினான், நான்கா ஐந்தா என்று ஆதியாகம மித்ராஷில் ஒரு விவாதமே உண்டு. முரணாகத் தெரிந்த ஒவ்வொரு பெயரும் இங்கே ஒரு தனி விற்பனையாகிவிடுகிறது. பெயர் மாறும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பதினேழு வயதுப் பையன் இன்னொரு கைக்குப் போகிறான். ரூபன் விஷயத்திலும் ராஷி இரண்டு பதில் தருகிறார். அன்று தகப்பனுக்குப் பணிவிடை செய்யும் முறை அவனுடையது, அதனால் விற்பனை நேரத்தில் அங்கே இல்லை. இல்லாவிட்டால், தகப்பனின் படுக்கை விஷயத்தில் செய்த பாவத்துக்காக இரட்டு உடுத்தி உபவாசத்தில் இருந்தான்.

இப்னு எஸ்ரா நேராகப் போகிறார். மீதியானியரை இஸ்மவேலர் என்று அழைப்பது உண்டு, அவ்வளவுதான். சான்று நியாயாதிபதிகள் 8:24: கிதியோன் தோற்கடித்த மீதியானியரைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் இஸ்மவேலர் என்பதால் பொன் அணிந்திருந்தார்கள் என்று அந்த வசனம் சொல்கிறது. ஒரே கூட்டம், இரண்டு பெயர்.

ரம்பான் கதையைக் காட்சியாக நடத்துகிறார். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒட்டகங்களும் ஒட்டகக்காரர்களும்தான் தெரிகிறார்கள், அவர்கள் இஸ்மவேலர். பக்கத்தில் வந்த பிறகுதான் சரக்குக்குச் சொந்தக்காரர்கள் மீதியானிய வியாபாரிகள் என்று தெரிகிறது. ஒட்டகங்களை அவர்கள் வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். அண்ணன்மார் விற்றது மீதியானியரிடம். பையனைச் சுமந்து போனது இஸ்மவேலர். ஒரு செயலைச் செய்தவன் பெயரிலும் சொல்லலாம், செய்வித்தவன் பெயரிலும் சொல்லலாம், தோரா இரண்டையும் செய்யும் என்கிறார். எனக்கு இந்த விளக்கத்தில் மிகவும் பிடித்தது, அவர் வசனங்களின் வரிசையை மதிப்பது. 25இல் கண்ணுக்குப் பட்டது, 28இல் கைக்கு எட்டியது.

இனி ரஷ்பாம். 12ஆம் நூற்றாண்டில் இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் வியக்கிறேன். அண்ணன்மார் குழியை விட்டுத் தள்ளிப்போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்கள், இஸ்மவேலர் வரட்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் வேறு வழியாக வந்த மீதியானியர் குழியில் பையனைப் பார்த்து, அவர்களே இழுத்தெடுத்து, அவர்களே இஸ்மவேலரிடம் விற்றுவிட்டார்கள். அண்ணன்மாருக்கு இது தெரியாமலே நடந்திருக்கலாம்! 28ஆம் வசனத்தின் எழுவாய் பக்கத்தில் இருக்கும் பெயர்தான் என்று எடுத்துக்கொண்டால் வாக்கியம் எப்படி வழுவழுவென்று ஓடுகிறது என்று படித்துப் பாருங்கள். ரூபன் ஏன் திகைத்தான் என்பதற்குத் தனி விளக்கமே தேவைப்படவில்லை. ‘களவாடப்பட்டேன்’ என்று யோசேப்பு சொன்னதும் பொருந்துகிறது. யூதா தம்பி இறந்துவிட்டான் என்று பேசுவதும் பொருந்துகிறது.

அப்படியானால் 45:4? ‘நீங்கள் விற்ற’ என்று யோசேப்பே சொல்கிறானே? ரஷ்பாம் இதை மறைக்கவில்லை, தானே எடுத்துப் போடுகிறார். அவர்கள் செய்த காரியம் விற்பனைக்குக் காரணமாக இருந்தது, அதனால் அப்படிச் சொல்லலாம் என்கிறார். இதுதான் வசனத்தின் ஆழமான நேர்ப்பொருள் என்று தனக்குத் தோன்றுகிறது என்று சொல்லிவிட்டு, இன்னொரு வழியையும் திறந்து வைக்கிறார்: அண்ணன்மார் சொல்லி மீதியானியர் இழுத்தெடுத்திருக்கலாம், பிறகு அண்ணன்மாரே விற்றிருக்கலாம்.

அதே அதிகாரத்தின் 2ஆம் வசன உரையில் ரஷ்பாம் தன் தாத்தாவைப் பற்றி ஒரு செய்தி எழுதியிருக்கிறார். தாத்தாவோடு தான் வாதாடியதாகவும், நேரம் மட்டும் இருந்தால் நாள்தோறும் புதிதாகப் பிறக்கும் நேர்ப்பொருள்களுக்கு ஏற்ப வேறு உரைகள் எழுத வேண்டியிருக்கும் என்று ராஷி ஒப்புக்கொண்டதாகவும் சொல்கிறார். புதிதாக வருகிறவர்கள் இந்த வரியைக் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். மரபின் பேராசான் தன் உரை முடிந்துவிட்டதாக நினைக்கவில்லை. பேரன் மறுக்கிறான், தாத்தா ஏற்கிறார், இருவரின் உரையும் ஒரே பக்கத்தில் அச்சாகிறது.

நான்காம் படி: கணக்குப் பாருங்கள்

இப்போது நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே இரண்டு வரி எழுதுங்கள். எந்த வசனம் எளிதாயிற்று, எந்த வசனம் முட்டிக்கொண்டு நிற்கிறது?

ராஷியின் வழியில் 45:4 சுலபம், பெயர் மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் இஸ்மவேலர் ஏற்கெனவே மீதியானியருக்கு விற்றுவிட்டார்கள் என்றால், 39:1இல் போத்திபார் இஸ்மவேலர் கையிலிருந்து எப்படி வாங்கினான்? இப்னு எஸ்ராவின் வழியில் 37:36க்கும் 39:1க்கும் சண்டையே இல்லை. ஆனால் நான்கே வசனத்துக்குள் பெயரை ஏன் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ரம்பான் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறார். ஆனால் ‘இஸ்மவேலரிடம் விற்றார்கள்’ என்பதை, வாங்கியவர் வேறு, சுமந்து போனவர் இவர் என்று கொஞ்சம் வளைக்க வேண்டியிருக்கிறது. ரஷ்பாமுக்கு 28, 29 இரண்டும் அருமையாக அமைகின்றன, விலை 45:4.

விலை கொடுக்காத விளக்கம் எதுவுமில்லை. உரையாசிரியர்களுக்கும் இது தெரியும். எந்த வசனத்தை வளைக்கச் சம்மதிக்கிறார் என்பதில்தான் ஒருவருடைய குணம் தெரிகிறது. என்னைக் கேட்டால் இந்த அதிகாரத்தில் ரஷ்பாமின் பக்கம்தான் சாய்வேன். வாக்கியத்தின் எழுவாயைக் காப்பாற்றுவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘நீங்கள் விற்ற’ என்பது கண்ணீரோடு பேசும் ஒருவன் வாயிலிருந்து வரும் சொல். தன்னைக் குழியில் தள்ளியவர்களை விற்றவர்கள் என்று அவன் சொல்வதில் எனக்கு வியப்பில்லை. நீங்கள் வேறு பக்கம் சாயலாம். ஏன் என்று எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: திரும்பச் சொல்லும்போது எது மாறியது?

இதுவரை பார்த்தது முரண். கூறியது கூறலுக்கு வேறு பயிற்சி வேண்டும். ஆதியாகமம் 24ஐப் போல அதற்குப் பொருத்தமான இடம் இல்லை. ஆபிரகாமின் ஊழியக்காரன் ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் போகிறான். நடந்தது முழுவதையும் தோரா சொல்கிறது. அப்புறம் அவன் பெண் வீட்டில் உட்கார்ந்து அதையே முதலிலிருந்து சொல்கிறான், அதுவும் முழுதாக. சட்டங்கள் பலவற்றை ஒரு குறிப்போடு நிறுத்திக்கொள்ளும் தோரா, ஒரு வேலைக்காரனின் பேச்சை இரண்டு தடவை எழுதியிருக்கிறது. முன்னோரின் ஊழியக்காரர்களுடைய பேச்சு, பிள்ளைகளின் தோராவை விட இனிமையானது என்று ரபி அகா சொன்னதாக மித்ராஷ் பதிவு செய்கிறது. ராஷியும் அதை எடுத்துச் சொல்கிறார்.

இங்கே செய்ய வேண்டியது: ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் நடந்தது (வசனம் 2–27), வலது பக்கம் அவன் சொன்னது (34–49). வித்தியாசங்களுக்கு மட்டும் கோடு போடுங்கள். ஆபிரகாம் ‘என் தேசத்துக்கும் என் இனத்தாரிடத்துக்கும் போ’ என்றார். இவன் ‘என் தகப்பன் வீட்டுக்கும் என் வம்சத்துக்கும்’ என்கிறான். ‘அந்தப் பெண் வர மனமில்லாதிருந்தால்’ என்றார் ஆபிரகாம். இவன் வாயில் அது ‘அவர்கள் பெண் கொடுக்காவிட்டால்’ என்று ஆகிறது. ‘என் மகனை அங்கே திரும்பக் கொண்டுபோகாதே’ என்று ஆபிரகாம் இரண்டு தடவை எச்சரித்தார். அந்த வீட்டாரின் எதிரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெண் கேட்கப் போன இடத்தில், ‘உங்கள் ஊருக்கு மட்டும் மாப்பிள்ளை வரவே கூடாது என்று எங்கள் எசமான் சொல்லியிருக்கிறார்’ என்று யார் சொல்வார்கள்?

இன்னொன்று. நடந்தபோது அவன் முதலில் மூக்குத்தியையும் கடகங்களையும் எடுத்தான், பிறகுதான் ‘நீ யார் மகள்?’ என்று கேட்டான் (22–23). சொல்லும்போது முதலில் கேட்டேன், பிறகு அணிவித்தேன் என்று மாற்றிச் சொல்கிறான் (47). ராஷியின் விளக்கம்: யாரென்றே தெரியாமல் நகை கொடுத்தாயா என்று அவர்கள் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக மாற்றினான்.

எல்லோரும் இப்படிப் படிப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நார்போன் ஊர் உரையாசிரியர் ரதாக் இதே இடத்தில், ஒன்றைத் திரும்பச் சொல்லும்போது பொருளைக் காத்துக்கொண்டு சொற்களை மாற்றுவது வேதத்தின் வழக்கம் என்கிறார். இப்னு எஸ்ராவும் பத்துக் கட்டளைகளின் இரண்டு வடிவங்களைப் பற்றி இதையே சொல்கிறார்: சொற்கள் உடல் மாதிரி, பொருள் உயிர் மாதிரி. 19ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் மல்பிம் இதற்கு நேர் எதிர். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் என்பதே தோராவில் கிடையாது என்பது அவர் கொள்கை. ஓர் உரையைத் திறக்கும்போது அவர் எந்தக் கட்சி என்று முதலில் தெரிந்துகொண்டால், சொல் வேறுபாட்டை அவர் பேசாமல் விட்டதற்கும் காரணம் புரியும்.

ஆறாம் படி: கைக்குப் பழக வேண்டிய விதிகள்

சில சிக்கல்களுக்கு மரபே விதி வகுத்திருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், மூன்று போதும்.

தோராவில் முன்பின் வரிசை கட்டாயமில்லை. எண்ணாகமம் 1:1 எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரண்டாம் வருடம் இரண்டாம் மாதத்தில் தொடங்குகிறது. 9:1 அதே வருடத்தின் முதல் மாதத்துக்குப் பின்னோக்கிப் போகிறது. தேதி போட்டே வசனம் சொல்வதால் இதில் சந்தேகம் இல்லை. ஏன் அந்த நூல் முதல் மாதத்தில் தொடங்கவில்லை என்று ராஷி கேட்கிறார். வனாந்தரத்தின் நாற்பது வருடத்தில் இஸ்ரவேலர் கொண்டாடிய ஒரே பஸ்கா (எகிப்திலிருந்து விடுதலையான நினைவுப் பண்டிகை) 9ஆம் அதிகாரத்தில் வருவதுதான். அந்தத் தலைக்குனிவை முதல் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்பதற்காக. ரம்பான் இந்த விதியைத் தாராளமாகப் பயன்படுத்த ஒப்புவதில்லை. வசனமே வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய வரிசை வரிசைதான் என்பார்.

அடுத்தது, மோதும் இரண்டு வசனங்களை மூன்றாவது வசனம் வந்து தீர்க்கும். ரபி இஸ்மாயேலின் 13 விதிகளில் கடைசி இது. காலைத் தொழுகையில் இந்தப் பதின்மூன்றையும் ஓதும் வழக்கம் இன்றும் உண்டு. லேவியராகமம் 1:1இல் கடவுள் ஆசரிப்புக் கூடாரத்திலிருந்து பேசுகிறார். யாத்திராகமம் 25:22இல் கூடாரத்துக்குள் இருக்கும் உடன்படிக்கைப் பெட்டியின் மூடிக்கு மேலிருந்து பேசுவேன் என்கிறார். எண்ணாகமம் 7:89 வந்து சேர்த்து வைக்கிறது: மோசே கூடாரத்துக்குள் வருவார், மூடிக்கு மேலிருந்து வரும் குரலைக் கேட்பார்.

மூன்றாவது, முதலில் பொதுவாகச் சொல்லி அடுத்து நிகழ்ச்சியாக விரித்தால், இரண்டாவது முதலாவதன் விவரம். படைப்பு இரண்டு தடவை வருவதற்கு ராஷி ஆதியாகமம் 2:8இல் இந்த விதியைத்தான் சொல்கிறார். கேட்கிறவன் இது வேறு கதை என்று நினைப்பான், ஆனால் முன்னதன் விரிவுதான் இது என்கிறார். கடவுளின் பெயர் இரண்டு அதிகாரங்களிலும் வேறுபடுவதற்கு மித்ராஷ் தனியாகப் பதில் தருகிறது. ஒரு ராஜாவிடம் மெல்லிய கிண்ணங்கள் இருந்தன. வெந்நீர் ஊற்றினால் வெடிக்கும், குளிர்ந்த நீர் ஊற்றினாலும் தாங்காது. இரண்டையும் கலந்து ஊற்றினான். நீதி மட்டும் என்றால் உலகம் நிற்காது, இரக்கம் மட்டும் என்றால் பாவம் பெருகும். ஒரு பெயர் நீதிக்கு, மற்றது இரக்கத்துக்கு. ரபி ஜோசப் சோலோவைச்சிக் (1903–1993) 1965இல் எழுதிய கட்டுரையில் வேறு திசையில் போனார்: இரண்டு அதிகாரங்களும் இரண்டு வகை மனிதர்களைக் காட்டுகின்றன, இருவரும் நம் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறார்கள் என்றார்.

பேழையின் இரண்டும் ஏழும் இந்த அளவுக்குக் கடினமில்லை. ராஷி, எந்த இனத்திலும் குறைந்தது இரண்டு என்று முடித்துவிடுகிறார். 8:20இல் வரும் பலியைப் பார்த்தால் சுத்தமானவற்றில் கூடுதல் எதற்கு என்பது தெரியும்.

ஏழாம் படி: பல்கலைக்கழகக் கேள்வியை ஒதுக்காதீர்கள்

19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள், முக்கியமாக வெல்ஹவுசன், இந்த மாதிரி இடங்களை வைத்துத் தோரா பல மூல ஆவணங்களின் தொகுப்பு என்றார்கள். அந்தப் பார்வையில் 37ஆம் அதிகாரம் இரண்டு கதைகளின் பின்னல்: ஒன்றில் ரூபனும் மீதியானியரும், மற்றதில் யூதாவும் இஸ்மவேலரும். பல யூத ஆய்வாளர்கள் இன்று இதை ஏற்கிறார்கள். ஃப்ளோரன்ஸ் நகரின் தலைமை ரபியாக இருந்து பிறகு எருசலேமில் பேராசிரியரான உம்பெர்த்தோ கசூத்தோ (1883–1951) இதைக் கடுமையாக மறுத்தார். மாற்றிச் சொல்வது பழங்கால எழுத்துக் கலையின் முறை என்று வாதாடினார். ரபி மொர்தெகாய் ப்ரோயர் (1921–2007) எடுத்த வழி இன்னும் வித்தியாசமானது. இரண்டு குரல் கேட்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வது உண்மை என்றார். ஆனால் இரண்டையும் எழுதியது கடவுள் ஒருவரே. ஒரே உண்மையின் இரண்டு முகங்களைத் தனித்தனியாகக் கேட்ட பிறகே சேர்த்துக் கேட்க வேண்டும் என்றார்.

எந்த முடிவுக்கு வந்தாலும் சரி, இந்தப் படியை முதலில் வைக்காதீர்கள். ஆவணம் ஒன்று, ஆவணம் இரண்டு என்று பிரித்த கையோடு பலர் வசனத்தை விட்டு எழுந்துவிடுகிறார்கள். 28ஆம் வசனத்தில் எழுவாய் நழுவுவதை வெல்ஹவுசனுக்கு 700 வருடம் முன்பே ரஷ்பாம் பார்த்தார், பார்த்த பிறகும் அந்த அதிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

நீங்களே செய்து பார்க்க

இப்போது துணை இல்லாமல் ஓர் இடம். 1 சாமுவேல் 16:14–23ஐயும் 17ஆம் அதிகாரம் முழுவதையும் எடுங்கள். 16இல் ‘ஈசாயின் குமாரன்’ என்று சொல்லித்தான் தாவீதை சவுலுக்கு அறிமுகம் செய்கிறார்கள். சவுலே ஈசாயிடம் ஆள் அனுப்பி அவனை வரவழைக்கிறார், மிகவும் நேசிக்கிறார், தன் ஆயுததாரியாக வைத்துக்கொள்கிறார். 17:55இல், கோலியாத்தை எதிர்க்கப் போகும் அதே பையனைப் பார்த்து, ‘இவன் யார் மகன்?’ என்று தளபதி அப்னேரைக் கேட்கிறார். அப்னேருக்கும் தெரியவில்லை.

முதலில் கேள்வியைக் கூர்மையாக்குங்கள். சவுலுக்குத் தாவீதின் முகம் தெரியாதது சிக்கலா, தகப்பன் பெயர் தெரியாதது சிக்கலா? பிறகு 17:15ஐயும் 17:25ஐயும் பொறுமையாகப் படியுங்கள். ஒன்று தாவீதின் போக்குவரவைச் சொல்கிறது, மற்றது கோலியாத்தைக் கொல்பவனின் தகப்பன் வீட்டுக்கு ராஜா தரப்போவதைச் சொல்கிறது. உங்களுக்குத் தோன்றும் இரண்டு விளக்கங்களை எழுதி, ஒவ்வொன்றும் எந்த வசனத்தை வளைக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். அதற்கப்புறம் 17:55க்கு ராஷி எழுதியதைத் திறங்கள். தல்மூதில் யெவாமோத் 76ஆம் தாளிலிருந்து அவர் ஒரு பதிலை எடுத்து வருகிறார்: சவுல் கேட்டது பையனின் பெயரையோ தகப்பனின் பெயரையோ அல்ல, யூதாவின் மகன்களில் பேரேஸ் வழியா சேரா வழியா என்று வம்சத்தை. ஏன் அந்த வேறுபாடு ஒரு ராஜாவுக்கு அவ்வளவு முக்கியம் என்று அங்கேயே சொல்லியிருக்கிறது.